அப்பா வந்த எபிசோடு

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு டிவி என்றால் ரிமோட்டை அமுக்கினால் வருவது. லண்டனில் இருக்கும் தமிழர்களுக்கு அது மாதச் சந்தா கட்டினால் வருவது. அதற்கும் முன்னால், நான் உட்கார்ந்து பார்த்து முடித்தால்தான் வருவது. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் வேலையே அதுதான்.

எங்கள் சேனல் சென்னையிலிருந்து முதலில் சிங்கப்பூர், மலேசியா பக்கம் போனது. பிறகு வளைகுடா. கடைசியாக ஐரோப்பா. கால் வைத்த ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சட்டப் புத்தகத்தை நீட்டினார்கள். ஊரில் போடுவதை அப்படியே இங்கே போட்டுவிட முடியாது. 'இந்தப் பரிகாரம் செய்தால் கட்டாயம் குழந்தை பிறக்கும்' என்று ஜோசியர் சொன்னால் வெட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று ஒரு அம்மா சத்தியம் செய்தால் வெட்ட வேண்டும். யாராவது மைக்கைப் பிடித்து, அந்த இடத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசினால், அந்த ஆளிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் பார்த்து, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான். ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் சீரியல் பார்க்கிறேன். மாமியார்கள் பாலில் விஷம் கலப்பதை என்னைப் போல் பொறுமையாகப் பார்த்தவன் உலகத்தில் இருக்க மாட்டான்.

சேனல் ஐரோப்பாவுக்கு வந்து ஐந்து வருடம் ஆனதைக் கொண்டாட ஒரு சிறப்பு நிகழ்ச்சி தயாரித்தார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துப் பேச வைப்பது. ஞாயிறு மதியம் ஊரில் ஒளிபரப்பு, அன்றைக்கே இங்கேயும். வியாழக்கிழமை காலை அதன் ஃபைல் என் கணினிக்கு வந்தது. மண்டபம் காஞ்சிபுரம் என்று தெரிந்ததும் அட, நம்ம ஊரு என்று குஷியாகி, டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினெட்டாவது நிமிடத்தில் என் அப்பா வந்தார்.

2

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் மோசஸ். சின்ன காஞ்சிபுரத்தில் வெறும் மோசஸ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கேபிள் மோசஸ் என்றால் நாலு தெருவும் கை காட்டும். எங்கள் தாத்தா ஓரிக்கையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அப்பா அந்தச் சேற்றிலிருந்து காலை எடுத்து நேராகக் கம்பத்தில் ஏறினார். வீடு வீடாக ஒயர் இழுத்து எங்கள் இரண்டு பேரையும், என்னையும் அக்கா ஸ்டெல்லாவையும், படிக்க வைத்தார்.

எங்கள் தெருக்களில் தறிக்காரர்கள் டிவி பார்ப்பதில்லை, கேட்பார்கள். கண் தறியில் இருக்கும், காது சீரியலில் இருக்கும். படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். சத்தம் நின்றால் போச்சு, பாதித் தெரு எங்கள் கடை வாசலில் நிற்கும். வைகாசியில் பெருமாள் தேர் வரும் அன்று தெருவுக்குக் குறுக்கே போகும் ஒயரையெல்லாம் அப்பா கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், தேர் நாளில் பெருமாளுக்கு வழி விட்டுக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். தேர் நகர்ந்த பிறகு அத்தனையையும் திரும்ப இழுத்துக் கட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரைக்கும் கடையில் ஃபோன் அலறிக்கொண்டே இருக்கும். ஃபோனை எடுக்கிற வேலை என்னுடையது.

'வராதுன்னு மட்டும் வாயில வரக் கூடாது' என்பார் அப்பா. 'ஆளு கிளம்பிட்டான், வந்துக்கினு இருக்கான்னு சொல்லு. ஜனங்க பொறுத்துக்கினு இருப்பாங்க.' நானும் சொன்னேன். ஒயர் எங்கே அறுந்தது என்றே தெரியாத நாளில்கூட 'வந்துக்கினே இருக்காங்கக்கா, அஞ்சு நிமிஷம்' என்பேன். ஊரில் கேபிள் நடத்தின எல்லோரும் பேசின பேச்சுதான் அது. யாருக்கும் கெடுதல் இல்லை, எப்படியும் இருட்டுவதற்குள் சரியாகிவிடும். எனக்குத்தான் அந்த நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

அம்மா இறந்த பிறகு அப்பாவை லண்டனுக்கு அழைத்துக்கொள்ள நினைத்தேன். முதலில் சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கான விசா. மறுத்துவிட்டார்கள். இவர் திரும்பிப் போவார் என்று நம்ப முகாந்திரம் இல்லையாம். கம்பத்தைத் தவிர எங்கேயும் ஏறாத மனிதரைப் பற்றி அப்படி ஒரு கடிதம். சரி, நிரந்தரமாகவே அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் ஐந்து நிமிடத்தில் ஃபைலை மூடினார். 'ஊரில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை என்று காட்ட வேண்டும். உங்கள் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். கிடைக்காது' என்றார்.

அன்றைக்கு அப்பா ஃபோனில் கேட்டார்: 'இன்னாடா ஆச்சு?'

'அந்த விசா போனா போவுதுப்பா. நிரந்தரமா கூப்பிடற பேப்பர் போட்டுக்கினு இருக்கேன்' என்றேன். போடவில்லை. வாய் தானாகச் சொன்னது. அடுத்த வாரம் கேட்டார், 'போய்க்கினு இருக்குது' என்றேன். நாலு வருடம் இப்படியே ஓடியது.

இந்த நாலு வருடத்தில் ஒரு முறைகூட நான் ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை, மகளுக்குப் பரீட்சை என்று ஆயிரம் காரணம் சொன்னேன். நிஜம் என்னவென்றால், அப்பா முகத்துக்கு நேரே உட்கார்ந்து அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

3

திரையில் அப்பா வேட்டி கட்டியிருந்தார். மேலே சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். காஞ்சிபுரத்து வெயிலில் ஸ்வெட்டர்!

'என்னப்பா, மண்டபத்துல குளிருதா?' என்று தொகுப்பாளினி கேட்டாள். கூட்டம் சிரித்தது.

'இல்லமா, லண்டனுக்குன்னு வாங்கி வெச்சது. போட்டுப் பழகிக்கலாம்னு.'

மகன் என்ன செய்கிறார் என்று கேட்டாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'உங்க சேனல்தாம்மா. லண்டன் ஆபீசு. நான் இங்க தெருத் தெருவா ஒயர்ல இழுத்தத அவன் கடல் தாண்டி இழுத்துக்கினு இருக்கான்.' விசில் பறந்தது. எப்போது லண்டன் போகிறீர்கள் என்று கேட்டாள். 'பேப்பர் போய்க்கினு இருக்குதுமா. நாலு வருஷமா அலையறான், பாவம். வெள்ளக்காரன் சட்டம் லேசுப்பட்டது இல்ல. ஆனா எம்புள்ள விட மாட்டான்.'

பக்கத்தில் இருந்த அக்கா மைக்கைப் பிடுங்கினாள். 'மேடம், ஒண்ணு சொல்லணும். இவருக்கு வலது கண்ணு மங்கிக்கினே வருது. கண்ல பிரஷராம். தெனமும் சொட்டு மருந்து போடணும், மாசா மாசம் வந்து காட்டணும்னு ரெண்டு வருஷம் முன்னாடியே டாக்டரு சொல்லிட்டாரு. இவரு ஒரு தடவையோட நிறுத்திட்டாரு. லண்டன் ஆஸ்பத்திரில நல்லா பாப்பாங்க, அங்க போய்ப் பாத்துக்கலாம்னு ஒரே பிடிவாதம். தம்பி கவலப்படுவான், சொல்லாதன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிக்கினாரு. இப்ப டிவில சொல்றேன், அவன் பாக்கட்டும்.'

'ஏய், சும்மா இரு' என்று அப்பா சிரித்தார். தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற அப்பாவுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுங்கள் என்றாள். மண்டபமே எழுந்து நின்றது.

பிறகு அவள் அப்பாவின் வலது பக்கமாக வந்து பூங்கொத்தை நீட்டினாள். அப்பா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கொத்து அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது, மனிதருக்குத் தெரியவில்லை. அக்காதான் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். கம்பத்து உச்சியில் ஒரு இழை பிரிந்திருந்தால் தெருவில் நின்றே சொன்ன கண் அது. அந்த நாலு நொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

4

உடனே அப்பாவுக்கு ஃபோன் செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? அறிக்கை எழுதினேன். 'பதினெட்டாவது நிமிடம் முதல் இருபத்தாறு வரை, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருடைய சம்மதம் இல்லை. நீக்கலாம்.' எழுதி அனுப்பிவிட்டு, ஏதோ பெரிய காரியம் முடித்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

அரை மணி நேரத்தில் வதனி அக்கா வந்து நின்றார். எங்கள் மேலாளர், யாழ்ப்பாணத்துக்காரர்.

'சாலமன், ஆர் அந்த இல்லாத ஆள்?'

'நான்தான்க்கா. அது எங்க அப்பா.'

'அட! அப்ப நீர்தானே சம்மதம் குடுக்க வேணும்? இந்தாரும், கையெழுத்துப் போடும். மனுசன் என்ன வடிவாக் கதைக்கிறார். சென்னையில இதைத்தான் விளம்பரமாப் போட்டுக்கொண்டிருக்கினம்.'

படிவத்தை மேசையில் வைத்தார். எனக்கு மனப்பாடமான படிவம். எத்தனையோ பேரிடம் 'சும்மா ஒரு கையெழுத்துங்க' என்று நானே நீட்டியிருக்கிறேன். கடைசி வரி இது: 'இதில் என்னைப் பற்றிக் கூறப்பட்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.' பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி வைத்தேன். வதனி அக்கா பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். 'நீர் விண்ணப்பமே போடேல்லையோ?'

'இல்லக்கா.'

'கடவுளே. அந்த மனுசன் கண்ணைக் குடுத்திட்டெல்லோ காத்துக்கொண்டிருக்கிறார்.'

கையெழுத்து இல்லாததால் இங்கே அந்த எட்டு நிமிடத்தை வெட்டிவிடலாம், விதியும் அதைத்தான் சொல்கிறது என்றார். ஆனால் ஊரில் ஓடுவதை நிறுத்த முடியாது. சென்னைக்கு ஃபோன் போட்டுக் கேட்டும் பார்த்தார். விளம்பரம் மூன்று நாளாக ஓடுகிறது, வாய்ப்பே இல்லை என்றார்கள். 'என்ர கத்தரி இஞ்ச மட்டுந்தான் வெட்டும்' என்றார் வதனி அக்கா. 'ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அப்பாவுக்கு உள்ளதைச் சொல்லும். வீட்ட போம்.'

இத்தனை வருடம் அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுகிறது என்று நான் நம்பின விதி, லண்டன் தமிழர்களிடம் என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. காஞ்சிபுரத்தில் அப்பாவுடையதை அது எட்டவில்லை.

5

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். பள்ளி விடுமுறை, மகள் ரேச்சல் சோபாவில் கிடந்தாள். பதினாலு வயது. அப்பன் தமிழ் டிவியில் வேலை பார்க்கிறான், அவளுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் முழுதாக வராது. எங்கள் சேனல் அவளுக்கு 'ஆன்ட்டி சேனல்'. சமையலறையில் என் மனைவி ஜெனிபரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'எத்தனை தடவை சொன்னேன், அவர்கிட்ட சொல்லிடுங்கன்னு?' என்றாள் ஜெனிபர். அவள் அப்படிக் கேட்பாள் என்று தெரியும். ரேச்சல் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்பாள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

'டாட், தாத்தாகிட்ட நோ சொல்ல வேண்டியதுதானே? ஜஸ்ட் நோ.'

'நம்ம ஊர்ல பெரியவங்க மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்ல மாட்டோம்டா.'

'லை மட்டும் பண்ணுவீங்களா?'

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு உனக்கு என்ன தெரியும், வாய மூடு என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. அதனால்தான் கத்தினேன்.

அங்கே சாயங்காலம். அப்பா இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

'இன்னாடா, வேல நேரத்துல?'

'அப்பா, கண்ணு எப்படி இருக்குது?'

'ஓ, படம் அங்க வந்துட்டுதா? ஞாயித்துக்கெழமதான்னு சொன்னாங்க.' குரலில் அப்படி ஒரு சந்தோஷம். 'நல்லா பேசுனேனா?'

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'அப்பா, நான் பேப்பர் போடல. உங்கள கூப்பிடறதுக்கு எந்தப் பேப்பரும் போடவே இல்ல. போட்டாலும் கெடைக்காதுன்னு வக்கீல் அப்பவே சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வாய் வரல.'

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. பயத்தில் நான் உளறினேன். 'கேபிள் ஆபீஸ் ஃபோன்ல சொல்வோமே, அந்த மாதிரி சொல்லிட்டேன்பா.'

'டேய்.' அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. 'நான் ஒனக்குச் சொல்லிக் குடுத்தது ஒயருக்குடா. அறுந்தா சாயங்காலம் இழுத்துக் கட்டிடலாம்.'

ஃபோன் கை மாறியது. 'இன்னாடா சொன்ன அவர்கிட்ட? எழுந்து வெளிய போய்ட்டாரு' என்றாள் அக்கா. அவளிடமும் சொன்னேன். அவள் திட்டினதை இங்கே எழுத முடியாது. கடைசியில் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள், அதை மட்டும் எழுதுகிறேன். 'கெடைக்காதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லி இருந்தா, ரெண்டு வருஷம் முன்னாடியே இட்டுக்கினு போய் மருந்து போட்டிருப்பேனே, பாவி.'

6

வெள்ளிக்கிழமை முழுக்க அப்பா ஃபோனை எடுக்கவில்லை. சனிக்கிழமை அக்கா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மதியம் செய்தி அனுப்பினாள். வலது கண்ணில் போன பார்வை போனதுதான், எந்த ஊர் டாக்டராலும் திருப்பித் தர முடியாதாம். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் போட்டால் அதைக் காப்பாற்றலாமாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது என்ன புண்ணியம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் நிகழ்ச்சி ஓடியது. இங்கே அப்பா வர வேண்டிய எட்டு நிமிடத்தில் பூசணிக்காய் அல்வா செய்து காட்டினார்கள். லண்டனில் ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் தெரியாது. நான் இதை எழுதாவிட்டால் தெரியவும் போவதில்லை.

நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அப்பாவிடமிருந்து வீடியோ அழைப்பு. மூன்று நாளுக்குப் பிறகு அவரே கூப்பிடுகிறார் என்று பதறி எடுத்தேன். வீடு நிறைய ஆட்கள். டிவியில் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள். யாரோ சால்வைகூடப் போட்டிருந்தார்கள்.

'சாலமன்,' என்றார். 'நான் எப்ப கிளம்பறேன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஒங்கிட்டயே கேக்கச் சொல்லிட்டேன்.'

ஃபோனை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். வரிசையாக முகங்கள். எதிர் வீட்டுத் தறிக்காரர் சேகர் அண்ணன் முன்னால் வந்து, வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்: 'இன்னாப்பா சாலமன், டிவில பாத்தோம், அசத்திட்டாரு. அப்பாவ எப்ப இட்டுக்கினு போறே?'

ஜெனிபர் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டாள். ரேச்சல் மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

'முடியாதுண்ணா' என்றேன். 'சட்டத்துல எடமில்ல. நான் பேப்பரே போடல. நாலு வருஷமா அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன். அத நம்பித்தான் அவரு கண்ணுக்கு மருந்து போடாம இருந்தாரு.'

சேகர் அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்புக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பின்னால் யாரோ ஒரு அம்மா 'அடப்பாவி' என்றது தெளிவாகக் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஃபோன் திரும்பியது. அப்பா முகம் திரை முழுக்க வந்தது. இடது கண் என்னைப் பார்த்தது, வலது கண் எங்கேயோ பார்த்தது.

'மன்னிச்சிடுங்கப்பா.'

அவர் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

'நான் அங்க வர்றதுக்கு ஆயிரத்தெட்டு பேப்பர் வேணும், சரி' என்றார். 'நீ இங்க வர்றதுக்கு இன்னாடா வேணும்?'

பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.